உம்மாவின் முழங்காலும் ஜீப்பின் சைடு பாரும்

அந்த ஜீப் எங்கள் வாசலுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. பாலைவனத்தில் ஓர் அரபி வீட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், இனிமேல் போகமாட்டேன் என்று ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம் இந்த எருமையை வாங்கியதுதான். மணல், பாறை, மலை எல்லாம் ஏறுமாம். மேலப்பாளையத்தில் எங்கே இருக்கிறது பாறை? எங்கள் தெருவில் இருப்பது ஒரு சாக்கடைப் பாலம். அதில் ஆட்டோவே நாள் முழுக்க ஏறி இறங்குகிறது.

வீடு வாப்பா எனக்கென்று கட்டியது. அவர் இறந்த பிறகும் உம்மா என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. உம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா, காயல்பட்டினத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தினமும் போனில் பேசுவார்கள். அக்காவின் குரல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்கள். உம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மூச்சு நிக்கதுக்குள்ள ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு வந்துருதேன்ளா."

வாசலில் நின்ற சனியனின் சீட்டோ உம்மாவின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். "வாசல்ல வண்டி நிக்கையில வாடகைக் காரா? தெருவுல என்னை என்ன நினைப்பாங்க?" என்று அவர் குதித்தார். சரி, ஆம்பிளை வீம்பு. உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவும் அதையே சொன்னாள். "மாப்பிள்ள வண்டி இருக்கையில வாடகை வண்டியில போனா அவருக்குத்தான் கொறச்சல். வேண்டாம்னு சொல்லு."

சொல்லு, சொல்லு, சொல்லு. எங்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டாள், நேரே பேசவும் மாட்டாள். இவர் உள்ளே வந்தால் உம்மா அறைக்குப் போய்விடுவாள். பத்து அடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இருவரும் வாடகைக் கார் வேண்டாம் என்பதில் மட்டும் ஒரே கட்சி.

"வண்டிக்கு சைடு பார் மாட்டுதேன். மாமி அதுல மிதிச்சு ஏறிக்கிடலாம்," என்றார்.

வந்த பார்சலைப் பிரித்தால், ஆள் உயரத்துக்கு இரண்டு கருப்பு இரும்புக் குழாய்கள். பட்டறையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. கேட்பாரா? "அரபிக்கு எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கேன்!" வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, தெருவிலேயே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஸ்பானர் எடு, அதில்லை, சின்னது, உனக்குக் கண்ணு எங்க இருக்கு என்று அடியிலிருந்து எனக்கு ஏச்சு. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. வேடிக்கை பார்க்க இந்தத் தெருவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

இரண்டு பக்கமும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கதவுக்குக் கீழே, வண்டியோடு ஒட்டிக்கொண்டு உயரத்தில் இருந்தது பார். "பாறை இடிச்சாலும் இது வாங்கிக்கிடும். கதவுல ஒரு கீறல் விழாது," என்று அதைத் தட்டிக் காட்டினார்.

நான் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். எனக்கே தொடை இழுத்தது. உருண்டைக் குழாயில் செருப்பு வழுக்கியது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"கதவுக்கு வலிக்கக் கூடாது, என் உம்மாவுக்கு வலிச்சா பரவாயில்ல, அப்படித்தான? இதுல ஒட்டகம்கூட ஏறாது! அங்கன பெரியம்மா மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கா, இங்கன நீங்க வண்டிக்கு நகை மாட்டுதீங்க!"

"உங்க உம்மா கால எவ்வளவு தூக்குவாங்கன்னு எனக்கு என்னட்டி தெரியும்?" அவரும் கத்தினார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவங்க ஆக்குன சோத்தத் திங்கேன். அவங்க நடந்து ஒரு நாளாவது நான் பாத்திருக்கேனா?"

"கேட்டிருக்கலாம்லா?"

"யார்ட்ட? திரைச்சீலைட்டயா?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. வாயைத் திறப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உம்மா வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அங்கிட்டுத் திரும்பி நின்னா எங்காலு எப்படித் தெரியும்?" என்றாள் உம்மா. வழக்கம்போல அதை அவரிடம் எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இங்க பாருங்க மாப்பிள்ள. இவ்வளவுதான் வரும்."

நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். ஒரு வாசற்படி உயரம்கூட இல்லை. கால் வெடவெடவென்று ஆடியது. அவர் தரையில் முழங்காலிட்டு, உம்மாவின் பாதத்துக்குக் கீழே டேப்பைப் பிடித்தார். அளந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார்.

பிறகு மாட்டியதெல்லாம் கழன்றது. இடப்பக்கத்துப் பாரை வலப்பக்கம் போட்டு, அதைத் தாங்கும் இரும்புக் கைகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பார் கீழே இறங்கி வெளியே தள்ளி நிற்குமாம். அப்படியே மாட்டினார். வழுக்காமல் இருக்க, நீளம் முழுவதும் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றினார். பார்க்கச் சகிக்கவில்லை.

"இப்படித் தொங்குனா கல்லுல இடிக்காதா?" என்றேன்.

"இடிச்சா இடிக்கட்டும்."

மறுநாள் காலையில் உம்மா கயிற்றின் மேல் காலை ஊன்றி, என் தோளைப் பிடித்து, யா அல்லா என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டி தெருவைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, மாப்பிள்ளயப் பையப் போகச் சொல்லு."

மாப்பிள்ளை அவளுக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சரின்னு சொல்லு மாமிட்ட," என்றார்.

"நான் என்ன தபால்காரியா?" என்று கத்தினேன். இருவரும் காதில் வாங்கவில்லை.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு வேகத்தடையில் பார் கறகறவென்று உரசியது, எனக்கே பல் கூசியது. வண்டியில் தூசி விழுந்தால் துணியோடு இறங்குகிற மனுஷன், கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

பெரியம்மாவின் அறையில் மருந்து வாசனை. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். உம்மா கட்டிலில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படிளா வந்த?"

உம்மா முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"எம் மாப்பிள்ள கூட்டிட்டு வந்தாரு."

இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று என் வாய்வரை வந்தது. பெரியம்மா கையை நீட்டி உம்மாவின் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.