மஹீரா குறைத்த ஒரு பிறை

பூந்தமல்லியிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனாலும் எங்கள் டெம்போ ஸ்டாண்டு உஸ்மான் கனியைக் கேட்டால், பழவேற்காட்டில் இந்நேரம் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்லிவிடுவான். கேட்காவிட்டாலும் சொல்வான், அதுதான் தொல்லை.

பன்னிரண்டு வருடம் அம்பத்தூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஐஸ் லோடு அடித்தவன். தண்ணீர் ஏறினால்தான் படகுகள் முகத்துவாரத்துக்குள் வரும். முன்னாடியே போய் நின்றால் ஐஸ் கரையும், ஓனரிடம் ஏச்சு. அதனால் பிறையை வைத்துக் கணக்குப் போடப் பழகினான். ஒவ்வொரு பிறைக்கும், அதாவது ஒவ்வொரு நாளுக்கும், தண்ணீர் ஐம்பது நிமிடம் பிந்தும். போனில் பார்க்கலாமே என்றால் முறைப்பான்.

போன வெள்ளிக்கிழமை அவன் மகள் மஹீரா, வேலப்பன்சாவடி கல்லூரித் தோழிகளோடு சிப்பி பொறுக்கப் பழவேற்காடு போனாள். பாடத்துக்காம். வற்றிய நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போகிற மணல்திட்டு. ஏறிவிட்டால் மார்பளவு, இழுப்பு வேறு. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணக்குப் போட்டு, நாலு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கனி அனுப்பினான்.

ஜும்மா தொழுதுவிட்டு வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னா பாய்?" என்றேன்.

"பள்ளிவாசல் போர்டுல இன்னிக்கு பிறை பதினாலுன்னு கீது வேம்புலி. நான் பதினஞ்சுக்குப் போட்டுட்டேன்."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதுமே அவர்களுக்கு அடுத்த பிறை பிறந்துவிடும். அதற்குப் பிறகு கணக்குப் போட்டவன், அதுவே வெள்ளிக்கிழமைப் பிறை என்பதை மறந்து, நாளைக்குத்தானே என்று இன்னொன்றையும் கூட்டிவிட்டான். அவன் சொன்னதற்கு ஐம்பது நிமிடம் முன்பே தண்ணீர் ஏறிவிடும்.

மஹீராவின் போன் கிடைக்கவில்லை. பத்து முறை அடித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொல்லித் தொலைத்தேன். "வாயை மூடு மாமே" என்று டெம்போவைக் கிளப்பினான். நானும் ஏறிக்கொண்டேன். இந்தக் கையில் ஸ்டியரிங், அந்தக் கையில் போன். பிடுங்கி நான் வைத்துக்கொண்டேன். சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும் திட்டினான். நானும் கூடவே திட்டினேன். நான் தூக்கி வளர்த்த பெண் அது.

பருத்திப்பட்டு ஏரிக்கிட்டே போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டினான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தா, கரைக்கு வந்துட்டோம். இன்னா, இத்தினி தடவை அடிச்சிருக்கீங்க?"

"நாலுன்னு நான் தப்பா சொல்லிட்டேம்மா..."

"தெரியும். நீங்க ஒரு பிறை சேத்துப் போட்டீங்க. நான் கொறைச்சுக்கினேன்."

"தெரிஞ்சுமா சொல்லல? இங்க என் உயிரே பூட்ச்சு!"



"சொல்லியிருந்தா, பயந்துகினு என்னைப் போவ உட்டிருக்கமாட்டீங்க அத்தா."

 கனி போனை வாங்கி அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். வண்டியைத் திருப்பினான்.

"ஆமா, உட்டிருக்கமாட்டேன்" என்றான் என்னிடம்.