மர்டோவின் ஞாயிற்றுக்கிழமைகள்

"உன் பதிவேட்டைப் பார்த்து, நான் அங்கிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தேன் என்று எழுதி அனுப்பு. எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே. மே மாதத் தொடக்கத்தில் இங்கே தேர்தல்." ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடற்கரையிலிருந்து மர்டோ எழுதிய கடிதத்தில் 1978 மார்ச் என்று மாதம் மட்டும் இருக்கிறது, தேதி போடவில்லை. எங்கள் ஷார்ஜா தபால் பெட்டியிலிருந்து நான் அதை எடுத்தது ஏப்ரல் மாதத்தின் முதல் வியாழக்கிழமை. உறையின் மூலையில் வழக்கம்போல் எழுதி வைத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு மற்ற நாட்களைப் போல வேலை நாள். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் வீட்டுச் சுவரில் மதுரையிலிருந்து வந்த தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அதில் ஞாயிறு சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, ஆறு மணி வண்டிக்கு ஓடுவது எனக்கு இன்னும் பழகவில்லை. உடம்பு பழகிவிட்டது, கண் பழகவில்லை.

மர்டோ எங்கள் சாலைப் பணியின் தலைமைப் பொறியாளராக 1974 கடைசியில் வந்தார். அவருடைய குடும்பப் பெயரை அனுமதி கேட்காமல் அச்சில் போடுவது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், எந்த வண்டி எத்தனை நடை அடித்தது என்று எழுதுவது என் வேலை. அவர் பேசும் ஆங்கிலம் முதல் மாதம் எனக்குப் புரியவில்லை. நான் பேசியது அவருக்குப் புரிந்ததா என்றும் தெரியாது. அவர் ஏதோ கேட்பார், நான் பதிவேட்டை நீட்டுவேன், அவர் தலையாட்டுவார். ஒருநாள் தார் வந்து சேர்ந்த நேரம் பற்றி ஒப்பந்தக்காரர் பொய் சொன்னபோது, என் பதிவேட்டின் ஒரே வரி அந்தப் பொய்யை உடைத்தது. அன்றிலிருந்து மர்டோ சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டார். தம் தந்தை ஒரு கடற்கழியின் குறுக்கே பயணிகள் படகு ஓட்டியவர், இப்போது உயிரோடு இல்லை என்பதைத் தவிரத் தம்மைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. 1977 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அங்கே பழைய நகராட்சிகளையும் மாவட்டங்களையும் கலைத்துவிட்டுப் பெரிய பிராந்திய சபைகளை அமைத்திருந்தார்கள். அவற்றுக்கு முதல் தேர்தல் 1974இல், இரண்டாவது 1978 மேயில். இரண்டாவது தேர்தலுக்குத்தான் அவர் நின்றார். சாலை வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வண்டி வேண்டும் என்பதே அவருடைய பேச்சு.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வேறென்ன குற்றம் சொல்வார்கள்? கூலியாட்கள் வெயிலில் நிற்க, இவர் தம் ஊர் வழக்கப்படி ஓய்வெடுத்தார் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, அவர் இருந்த காலத்தின் எல்லா ஞாயிறுகளையும் வரிசைப்படுத்தினேன். ஒரு ஞாயிறுகூட அவர் விடுப்பு எடுத்ததில்லை. லேபர் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி வராத ஒரு ஞாயிறு அவரே லாரியை ஓட்டிப்போய் இரண்டு நடை அடித்ததையும் சேர்த்தேன். மூன்று தாள்கள், தட்டச்சு செய்து, கம்பெனி முத்திரையும் வாங்கி, சனிக்கிழமை தபாலில் சேர்த்தேன்.

ஒன்றை மட்டும் குறைத்தேன். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அவர் தம் கேபின் கதவை இருபது நிமிடம் மூடிக்கொள்வார். முதல் முறை நான் கேட்டபோது, "டீ என்று போட்டுக்கொள்" என்றார். ஆனால் டீ கொண்டுபோன பட்டாணியர் குல் முகம்மது கிளாஸோடு திரும்பி வந்ததை நான் பார்த்தேன். உள்ளே போகாத டீயை எப்படி எழுதுவது? 'கதவு மூடல், 20 நிமிடம்' என்றே எழுதி வந்தேன். சோம்பேறி என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது உதவாது என்று எண்ணி, அனுப்பிய பட்டியலில் விட்டுவிட்டேன்.

அன்று மாலை காயல்பட்டினத்துச் சுலைமான் காக்காவின் (அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்) மளிகைக் கடையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். காக்கா இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சரக்குப் போட்டவர். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரு ஸ்காட்லாந்துக்காரரா தம்பி?"

"ஆமா காக்கா."

"கெடுத்தீங்களே காரியத்தை. ஹட்டன் பக்கம் ஒரு துரை இருந்தாரு, அதே ஊருதான். ஞாயித்துக்கிழமை லாரி போனா கேட்டையே தொறக்க மாட்டாரு. அன்னிக்கு அவரு வீட்டுல அடுப்புகூட எரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துல சுலைமான் கடையைத் தொறந்து வச்சு யாவாரம் பண்ணுனான்னு ஒருத்தன் முத்திரை குத்தி எங்க ஊருக்கு எழுதிப் போட்டா எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க."

அவருடைய ஊரில் ஞாயிறன்று வேலை செய்வதே பாவம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஞாயிறு தவறாமல் வேலை செய்தார் என்று, எதிராளிக்கு வேண்டிய அத்தனையையும் தேதி வாரியாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் பக்கம் நிற்கக்கூடிய ஒரே வரியை மறைத்தும் விட்டேன். தந்தி கொடுக்கலாமா என்று நினைத்தேன். மூடிய கதவைத் தந்தியில் எப்படிச் சொல்வது? இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தபோது காக்காவும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"உள்ளே தொழுதாருன்னு ஒரு வரி போட்டுடுங்க தம்பி. வேற எதுக்கு ஒரு மனுசன் கதவைச் சாத்துவான்?"

என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தூங்கியிருந்தாருன்னா?"

காக்கா சிரித்துவிட்டார். "தூங்குனாலும் நல்லதுதானே தங்கச்சி. ஓய்வு எடுத்த கணக்குல வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுதார் என்று எழுதினால் அவர் வெல்லக்கூடும். ஆனால் நான் பார்த்தது கதவை மட்டுமே. ஞாயிறு இங்கே எல்லாருக்கும் வேலை நாள் என்பதையும், 'பதினொரு மணிக்குக் கதவு மூடப்பட்டது. பதினொன்று இருபதுக்குத் திறந்தது. டீ உள்ளே போகவில்லை. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது' என்பதையும் எழுதினேன். முதல் கடிதத்தில் இதை விட்டது என் தவறு, உங்கள் சொல்லை மீறிக் குறைத்துவிட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன்பின் பதில் வரும்வரை தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

மே மாதக் கடைசியில் பதில் வந்தது. மர்டோ வென்றிருந்தார். குற்றச்சாட்டு காக்கா சொன்னதேதான்: கூடுதல் கூலிக்காக ஓய்வு நாளில் தார் போட்டவர் என்பது. அவருடைய தந்தை ஞாயிறு அன்று படகை அவிழ்க்காதவர். தாயார் சனிக்கிழமையே தண்ணீர் இறைத்து, உருளைக்கிழங்கு தோல் சீவி வைத்துவிடுவாராம். அப்படிப்பட்ட கிராமத்தின் மண்டபத்தில் அவர் என் இரண்டு கடிதங்களையும் வந்த வரிசையிலேயே, எதையும் விடாமல் படித்திருக்கிறார். முதல் கடிதத்துக்குச் சபை முணுமுணுத்திருக்கிறது. தண்ணீர் லாரியைப் பற்றிய வரியைப் படித்தபோது ஒரு கிழவர் எழுந்து, அது மட்டும் வேதப்படி குற்றமில்லை என்றாராம். இரண்டாவது கடிதம் முடிந்ததும், கதவுக்குள் என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "அதற்காகத்தான் கதவை மூடினேன்," என்று சொல்லிவிட்டு மர்டோ உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவர் சபையின் சாலைக் குழுவில் இருக்கிறார். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மலைப்பாதைகளில் எதிர் வண்டி ஒதுங்க இடம் வெட்டித் தந்திருக்கிறார். எந்தப் புகார் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் கிடந்தது என்று சட்டைப் பை நோட்டை எடுத்துப் படிப்பதால், குழுவில் அவரை டைம் கீப்பர் என்று அழைக்கிறார்களாம். அந்த வரியைக் காக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். நான் கண்ணால் காணாத ஒரு நாட்டின் சபையில் என் வேலையின் பெயர் புழங்குகிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இன்றும் ஞாயிறு காலையில் சிவப்புத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போகிறேன். பதினொரு மணிக்குக் கை தானாகப் பேனாவை எடுக்கிறது. புதிய பொறியாளர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். மதுரையில் இந்நேரம் என் தம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பான். அங்கே மர்டோவின் ஊரில் படகுகள் கட்டிக் கிடக்கும். இங்கே ரோலர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஞாயிறுகளில் எதை என்னுடையது என்று எழுதுவது எனத் தெரியாமல் அந்த வரியைக் காலியாக விடுகிறேன்.

மர்டோவைப் பற்றிய இந்தக் குறிப்பில் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த இருபது நிமிடங்களில் மர்டோ உள்ளே என்ன செய்தார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.