எதிராளிக்காக எழுதிய நாலு வரி

போன வருஷம் மழைக்காலத்தில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது, பிள்ளைகளே. நான் பத்தாவது வரை படித்தவன். பிரியாணிக் கடைக்கு ஆடு வாங்க வாராவாரம் அய்யலூர் சந்தைக்குப் போகிறவன்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அந்தச் சந்தைக்கும் ஒரு பக்கம் இருந்தது. 'இங்கே எல்லோரும் கையைத் துண்டால் மூடி, விரலைத் தொட்டே விலை பேசுவார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, வீடு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் வரியைக் காணோம். முகம் தெரியாத ஒருவர், 'எல்லோருமா? ஆதாரம் எங்கே?' என்று கேட்டு நீக்கியிருந்தார். நான் திரும்பப் போட்டேன். அவர் எடுத்தார். போட்டேன், எடுத்தார்.

"என்ன அத்தா, ரெண்டு கிடா முட்டிக்கிற மாதிரியே இருக்கு" என்று மகள் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்பாவை 'அத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சும்மா இரும்மா. வாராவாரம் கண்ணால பாக்குறது நானா, அவரா?"

கடைசியில் நிர்வாகி ஒருவர் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார். இன்னொரு முறை இப்படிச் செய்தால் இரண்டு பேருமே இனி எழுத முடியாது என்றார். எனக்குத் திக்கென்றது. ஊரைப் பற்றி நான் எழுதி நாலு பேர் படிக்க வேறு ஏது இடம்? கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். எதிராளியின் நியாயத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி நாங்கள் ஒவ்வொருவரும் எழுத வேண்டுமாம்!

'இவருக்குச் சந்தையே தெரியாது' என்று ஆரம்பித்தேன்.

"இதுக்கு அவரு சரிம்பாரா அத்தா?" என்றாள் மகள்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'ஒருவர் பார்த்தது உண்மையாக இருக்கலாம். தூரத்தில் இருந்து படிக்கிறவர் எதை வைத்து நம்புவார்? வாய்விட்டு விலை பேசுகிறவர் ஒருவர்கூடவா அங்கே இல்லை?' அவ்வளவுதான், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சந்தையில் தொண்டை கட்டக் கத்தி ஆடு வாங்குகிற முதல் ஆள் நான்தானே!

அவர் எனக்காக எழுதியிருந்தார்: 'வாராவாரம் நடக்கிற ஒன்று, அச்சில் வரவில்லை என்பதற்காக இல்லை என்றாகிவிடுமா?' என் ஆதங்கத்தை எனக்கே இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்ததில்லை.

நான் எழுதியதற்குக் கீழே அவரே இன்னொரு வரியும் போட்டிருந்தார். "ஏனுங்க, நான் சொல்ல நெனச்சத அப்படியே எழுதிட்டீங்களே!" பழனிப் பக்கத்துக்காரராம். துண்டுக்குள் விலை பேசும் வழக்கத்துக்கு ஆதாரமாகப் பழைய செய்திக் கட்டுரை ஒன்றையும் அவரே தேடிக் கொடுத்தார். பூட்டும் திறந்தது. 'எல்லோரும்' போய் 'சிலர்' வந்தது. என் வரி இன்றும் அங்கே இருக்கிறது.

இப்போதெல்லாம் கோபத்தில் யாருக்காவது பதில் எழுத உட்கார்ந்தால், முதலில் அவர் பக்கத்து நியாயத்தை எழுதிப் பார்க்கிறேன்; பாதி நாள் என் பதிலுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.