ரேடியோ அக்காவின் தழும்பு

எங்கள் மாத்திரைக் கம்பெனியில் பெண்களுக்கென்று ஒரே ஓர் உடை மாற்றும் அறைதான். வீட்டிலிருந்து போட்டு வந்ததைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெள்ளை அங்கியும் வலைத்தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒருத்தி முழங்கை இன்னொருத்தி மூக்கில் இடிக்கும். யாருக்குப் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்தார்கள், யாருக்கு முதுகில் மச்சம், யாருடைய உள்சட்டை நைந்துவிட்டது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அங்கே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் வேலைக்கு நேரமாகிவிடும்.

ரேடியோ அக்கா அந்த அறைக்குள் கால் வைக்கும் முன்பே அவள் பேச்சு வந்துவிடும். மாமியார், மேற்பார்வையாளர், பஸ்ஸில் காலை மிதித்தவன் என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டாள். ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். பெல்ட்டில் அவளுக்கு எதிரே உட்காருகிறவள் பூனை. நகர்ந்து வரும் மாத்திரை அட்டைகளில் எந்தக் குழியாவது காலியாக இருந்தால் பொறுக்கி எடுப்பது இருவருக்கும் வேலை. பூனை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் கூடப்பிறந்தவர்களிடம்கூட அப்படி ஓர் ஒட்டுதலை நான் பார்த்ததில்லை. உங்கள் இருவருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகிறதோ என்று நான் சீண்டுவேன்.

"நான் பேசறேன், அவ கேக்கறா. உனக்கு ரெண்டும் வராது, போடி" என்பாள் அக்கா.

அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. டாக்டர் அவளையும் அவள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: "ஒரே இடத்துல சின்னதா இருந்தா கட்டியை மட்டும் எடுத்திருப்போம். உங்களுக்கு வேற வேற இடத்துல இருக்கு. முழுசா எடுத்துடறது நல்லதும்மா. அக்குள்லயும் கொஞ்சம் எடுக்கணும்." அக்கா எங்களிடம் வந்து, முழுசாக எடுக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னாள். மீதி அவளுக்கு உதவாத பேச்சு. தனக்கு இல்லாத வழியைப் பற்றி யார் வந்து விளக்கிக்கொண்டிருப்பார்கள்? இதில் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன்.

ஆபரேஷன் முடிந்து பார்க்கப் போனபோது, விலாப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி, நீர் வடிகிற பாட்டிலில் முடிந்திருந்தது. அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தாள். "புதுக் கைப்பை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொந்தக்காரர் ஒருவர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோம்மா" என்றார். "என் தலைப்பாகை உடம்போட ஒட்டிப் பொறந்ததாச்சே, அண்ணா" என்றாள். நாங்கள் சிரித்தோம். பூனை மட்டும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பியபோது அக்கா மாறிப்போயிருந்தாள். பேச்சு இருந்தது, ஆனால் எல்லாரும் உள்ளே போகும்வரை காத்திருந்து, பெட்டிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று உடை மாற்றினாள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாததால் தொப்பியை நான் மாட்டிவிடுவேன். உள்சட்டையின் ஒரு பக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்திருப்பாள். அது நழுவி நழுவிக் கழுத்துக்கு ஏறும். அதைச் சரிசெய்துகொண்டே மாமியார் கதையைச் சொல்வாள். எனக்கு அழுகையாக வரும்.

ஒருநாள் காலை எல்லாரும் போனபிறகு பூனை போகாமல் நின்றாள்.

"ஒருதரம் காட்டறியாடி?"

அக்கா என்னைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு பொத்தான்களைக் கழற்றினாள்.

நானும் பார்த்தேன். நெஞ்செலும்பிலிருந்து அக்குள்வரை சிவப்பாக, தடித்து, கயிற்றை ஒட்டவைத்ததுபோல் ஒரு கோடு. தையல் போட்ட இடங்களெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஓர் ஓரத்தில் தோல் சுருங்கி மேடாக நின்றது. அக்குளுக்குக் கீழே, குழாய் இருந்த இடத்தில், கறுப்பாக ஒரு வடு. ஆறிக்கொண்டிருக்கும் புண் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரியும். அன்று எங்கள் மூவரில் ஒருத்திக்கும் தெரியாது.

"தொட்டா வலிக்குதா?"

"மரத்துப்போச்சு. என்னுதா இன்னொருத்தியுதான்னே தெரியல."

பூனை தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய இடது மார்பில் அப்போதே சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று உருண்டுகொண்டிருந்தது. டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அவள் கேட்டாள். பார்த்தாள், முடிவு செய்தாள். போகவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து அது எங்களுக்குத் தெரியவந்தபோது கட்டி தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. நாற்றம் வெளியே தெரியாமலிருக்க அவள் பவுடரை அள்ளி அப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்து, யாருக்கு இவ்வளவு சிங்காரம் என்று நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம். எலும்பிலும் பரவிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்றார் டாக்டர். அவள் சொன்ன அந்தச் சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே வந்திருந்தால், பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து, கதிர் சிகிச்சை கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அக்கா கத்திய கத்தில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமாடி? எங்கிட்டகூடவா சொல்லக்கூடாது?"

"உனக்குப் பண்ணினதைத்தானே எனக்கும் பண்ணுவாங்க" என்றாள் பூனை. "எல்லாருக்கும் அதுதான்னு நெனச்சேன்."

"உனக்குச் சின்னதாத்தான் கீறியிருப்பாங்க. முழுசா எடுத்திருக்கவே மாட்டாங்கடி!"

"நீ சொல்லலையே."

அதில் குற்றச்சாட்டு இல்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். ஊரெல்லாம் பேசினவள், பேச வேண்டியதை மட்டும் பேசாமல் விட்டேனே என்று வெளி வராந்தாவில் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவளுக்கும் கட்டி இருப்பது உனக்கு எப்படித் தெரியும், அவள் சொன்னாளா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதான். துக்கத்துக்கு நியாயம் எங்கே காதில் விழுகிறது?

அதன்பிறகு ஷிஃப்ட் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். பூனையின் தலையைச் சீவிவிடுவாள், கம்பெனிக் கதைகளைச் சொல்வாள். பூனைக்கு விழித்திருக்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாலை கண்ணைத் திறந்து, "இன்னொருதரம் காட்டேன்" என்றாள்.

அக்காவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. என்னைப் பார்த்தாள். எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன்.

அவள் சட்டையை விலக்கியபோது நானே திகைத்துப்போனேன். சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மேடு அமுங்கியிருந்தது. புள்ளிகள் மறைந்திருந்தன. வெளுப்பாக, மெல்லிசாக, தோலோடு தோலாக ஒரு கோடு இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாது.

பூனை கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்காவே குனிந்து அவள் விரலை எடுத்துத் தழும்பின்மேல் வைத்தாள். விரல் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று.

"இவ்வளவுதானா?" என்றாள் பூனை.

"ஆமாடி" என்றாள் அக்கா. "இவ்வளவுதான்."