கேட்லாக்கை எப்போது கொடுப்பது

முடியாது என்று சொல்லப் பயந்துதான் நான் டப்பா விற்கும் வேலையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், வேலூரிலிருந்து வந்த மேடம் ஒருவர் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து விலை உயர்ந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சும்மா வேடிக்கை பார்க்கப் போன என்னைச் சுட்டிக்காட்டி, உங்கள் முகத்தில் ஒரு அமைதி இருக்கிறது, நீங்கள் இதை நன்றாகச் செய்வீர்கள் என்றார். அது அமைதி இல்லை, மிரட்சி. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அடுத்த வாரமே ஒரு பெரிய நீலப் பை நிறைய டப்பாக்களும் ஒரு கட்டு கேட்லாக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

என் வீட்டுக்காரர் பட்டுத்தறிக்கு டிசைன் அட்டை அடிக்கிறவர். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயா பேசப் போற?" என்றார்.

கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லாமலே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவள் நான். கல்யாண வீட்டில் யாராவது கூட்டத்துக்கு நடுவே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. இப்படிப் பெண்களைக் கூட்டி டப்பா காட்டுவதை மேடம் 'பார்ட்டி' என்றுதான் சொல்லுவார். எங்கள் ஊரில் பார்ட்டி என்றால் சேலை வாங்க வரும் வியாபாரி, இல்லாவிட்டால் ஆண்கள் கூடிக் குடிப்பது. அதனால் நாங்கள் 'டெமோ' என்று சொல்லிக்கொண்டோம். மேடம் அன்றைக்கு ரொம்ப நேரம் பேசியது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். கேட்லாக்கை எப்போது கொடுப்பது? ஆரம்பத்தில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் எல்லோரும் குனிந்து படம் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவளோடு பேசுவார்கள். உங்கள் முகத்தை ஒருத்தியும் பார்க்க மாட்டாள். டப்பாவைக் கையில் கொடுத்து, திறந்து மூடவைத்து, ஆசை வந்த பிறகு கடைசியில்தான் கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அவர் சொன்னதில் ஒன்றுதான் காதில் நின்றது. முதலிலேயே கொடுத்துவிட்டால் என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

அப்படித்தான் செய்தேன். முதல் டெமோவில் உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு, எல்லோர் மடியிலும் ஒரு கேட்லாக்கை வைத்துவிட்டேன். எல்லாத் தலையும் குனிந்தது. அந்தக் குனிந்த தலைகளுக்கு முன்னால் நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மெல்லச் சொல்லி முடித்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. பஜாரில் இதே மாதிரி டப்பா பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார், எழுந்தார்கள், போனார்கள். இரண்டாவது டெமோவும் அதேபோல்தான். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மேடத்துக்கு இல்லை. மூன்றாவதுக்கு அவரே வந்து, நான் பையைத் திறந்ததும் கேட்லாக் கட்டை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல்முறையாக அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. என்ன பேசினேன் என்று இப்போதும் நினைவில்லை. இனிமேல் கடைசியில்தான், சரியா என்று மேடம் கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

அந்த மூன்றாவது டெமோவுக்கு வந்திருந்தவர்தான் மாடிவீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து சேலை நெய்து வாங்குகிற முதலாளி. கீழே வியாபாரம், மேலே குடும்பம். நான் உளறியதை எல்லாம் அவர் கண்ணெடுக்காமல் கேட்டார். போகும்போது, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வையுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். மாடி ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த வீட்டுக்கே தறி நெய்கிறவர்கள். அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"அவருக்குத் தெரியாது. காஞ்சிபுரம் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு," என்றார். "நடுவுல வந்துட்டா மஞ்ச குங்குமத்துக்குக் கூப்ட்டன்னு சொல்லிக்கிறேன். புக்க மட்டும் வெளிய எடுக்காத. அத்தப் பாத்தா வியாபாரம்னு தெரிஞ்சிடும்."

தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் குரல் இருந்த இருப்பிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் படிக்கட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தப் பெண்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து தங்கிவிட்டேன்.

கேட்லாக் பைக்குள்ளேயே கிடந்தது. டப்பாக்களை எடுத்து அடுக்கினேன். பேசினேன். கீழே தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என் பேச்சு அறுந்தது. அக்காவின் கண்ணும் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. அப்படியே தட்டுத் தடுமாறித் தண்ணீர் வித்தைக்கு வந்துவிட்டேன். ஒரு டப்பாவில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடியின் நடுவே அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கிக் காற்றைப் 'புஸ்' என்று வெளியே விட்டு, மறுபடி மூடிக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு கூடச் சிந்தாது. டெமோவில் எல்லோரும் வாய் பிளக்கிற இடம் அதுதான்.

டப்பாவை மூடிக் கையில் எடுத்தேன். பெண்கள் எல்லோரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டு வாசலில் அக்காவின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

வண்டிச் சத்தமே கேட்கவில்லை. நடந்து வந்திருக்கிறார். காஞ்சிபுரத்துப் பார்ட்டி வரவில்லையாம், பாதி வழியிலேயே திரும்பிவிட்டாராம். அது பிறகு தெரிந்தது.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார். சத்தமே இல்லாத குரல். கத்தியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அக்காவைப் பார்த்து, "இன்னா நடக்குது?" என்றார்.

மஞ்சள் குங்குமம் என்று அக்கா சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"டப்பா காட்டறாங்க," என்றார் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். கவிழ்த்தாலும் கொட்டாதுங்க என்றேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. அவர் இறங்கிப் போனார். போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூச்சு விடுவதற்குள் மறுபடி மேலே வந்தார், கையில் ஒரு பட்டுச் சேலையோடு. இளம் ரோஜா நிறம், அகலமான ஜரிகைக் கரை, யாருடைய கல்யாணத்துக்கோ நெய்தது. மடிப்பைப் பிரித்து எனக்கு முன்னால் பாயின்மேல் விரித்தார்.

"கொட்டாதுன்னா இதும் மேல காட்டு," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தறிக்கார அம்மா, சேலைமேல் படாமல் இருக்கத் தன் காலை இழுத்துக்கொண்டார். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் நெய்ததாகவே இருக்கலாம். மஞ்சள் கறை பட்டால் அந்தச் சேலை போனதுதான். அது என் தலையில் விடிந்தால்கூடப் பரவாயில்லை, அக்காவின் தலையில் விடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காற்றை வெளியே விட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவர் வந்து நின்ற அந்த நொடியில் எல்லாம் அழிந்துபோயிருந்தது. வீட்டில் பழகிப் பார்த்தபோது ஒருமுறை சரியாக மூடாமல் கவிழ்த்து என் மடியெல்லாம் நனைந்ததுதான் கண்முன் வந்தது. திறந்து மறுபடி மூடலாம், ஆனால் என் விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் அதை மூட முடியாது. மாட்டேன் என்று சொல்லலாம். அந்த வார்த்தை எனக்கு எப்போது வந்தது, அப்போது வர?

அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார்.

மூடியைத் திறந்தார். மறுபடி வைத்துச் சுற்றிலும் அழுத்தினார். நடுவில் கட்டைவிரலை வைத்து, ஓரத்தைத் தூக்கினார். 'புஸ்' என்ற அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. நான் செய்ததை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார். சேலைக்கு நேராகக் கையை நீட்டி, டப்பாவைக் கவிழ்த்தார்.

உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் டப்பாவின் வெளிப்புறம் மஞ்சள் கரைத்த என் ஈரக் கை பட்டு நனைந்திருந்தது. அந்த ஈரம் மஞ்சளாகத் திரண்டு, மெல்ல இறங்கி, விளிம்பில் வந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். தறிக்கார அம்மாவும் பார்த்தார். அக்கா இன்னொரு கையால் தன் முந்தானையை எடுத்து அதை ஒற்றி எடுத்தார். டப்பா அசையவில்லை.

"போதும்," என்றார் அவர்.

அக்கா இறக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தபடியே, "நல்லா பாத்துக்குங்க," என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவர்தான் குனிந்தார். சேலையைப் பழைய மடிப்பிலேயே, கோணல் இல்லாமல், நிதானமாக மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தார். "இப்ப புக்கக் குடும்மா," என்றார் என்னிடம்.

கொடுத்தேன். பஜாரில் என்ன விலை என்று அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. வந்திருந்த எல்லோருமே ஏதாவது ஒன்று கேட்டார்கள். தறிக்கார அம்மா இருப்பதிலேயே சின்ன டப்பாவைக் காட்டி, இது ஒன்று என்றார். ஆசைப்பட்டுக் கேட்டார்களா, அக்காவுக்காகக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

இறங்கும்போது அவர் கீழே ஜரிகைக் கண்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் கோபக்காரர் என்று என் வீட்டுக்காரர் வேறு சொல்லிவைத்தார். அடிப்பாரோ, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ, ஏதாவது செய்துகொண்டு இந்த அக்கா பேப்பரில் வருவாரோ என்று மனசு எங்கெங்கோ போனது. ஒருநாள் எஸ்டிடி பூத்துக்குப் போய் அவர்கள் வீட்டு நம்பரைப் போட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் எடுத்து "ஹலோ" என்றார். வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

பிறகு கேட்டிருந்த டப்பாக்கள் வந்து சேர்ந்தன. கொண்டுபோய்க் கொடுக்காமல் முடியாது. வாசலில் அவரே உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்துவிட்டு, "மேல இருக்கா," என்றார். அவ்வளவுதான்.

அக்கா கதவைத் திறந்ததும் நான் அவர் முகத்தை, கழுத்தை, கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் எதைத் தேடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அடிக்கிறதெல்லாம் இல்ல," என்றார். "பேசறதில்ல. அன்னியிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. தட்டு வச்சா சாப்டறாரு, எழுந்து போறாரு." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தபடி, "அடிச்சாகூட சத்தம் கேட்டு நாலு பேரு வருவாங்க. இத யாருகிட்ட போய் சொல்றது?" என்றார்.

நான் பயந்து கற்பனை செய்ததில் எல்லாம் இது இல்லை. பக்கத்து அறையில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. அத்தனை பெரிய வீட்டில் அது ஒன்றுதான் ஓசை. அவர் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த வீதிப் பக்கமே அதன்பிறகு போகவில்லை.

தீபாவளி முடிந்து ஒருநாள் காலையில், கைப்பையோடு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். என்னவோ ஆகிவிட்டது, வீட்டைவிட்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர், இன்றைக்குக் கண்ணமங்கலத்தில் எனக்கு டெமோ இருக்கிறதாமே, தானும் வரலாமா என்று கேட்டார்.

வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீலப் பை அவர் மடியில் இருந்தது. வீட்டுக்காரர் பேசுகிறாரா என்று மெல்லக் கேட்டேன்.

"காலைல பேசினாரு. எங்க போறன்னு கேட்டாரு."

"நீங்க?"

"சொல்லிட்டு வந்தேன். கேட்டுகினு வரல."

எங்கள் பஸ்ஸை எந்த மோட்டார் பைக் தாண்டினாலும் நான் எட்டி ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தேன். ஊர் தாண்டி வயல் வந்தும் அது நிற்கவில்லை. அக்கா பார்க்கவில்லை. ஆனால் பைமேல் இருந்த அவர் கையை நான் பிடித்தபோது அது ஜில்லென்று இருந்தது.

"எல்லாருக்கும் முன்னாடி நின்னு பேசறப்ப உனக்கு பயமா இருக்காதா?" என்று கேட்டார்.

இருக்கும் என்றேன்.

"எப்ப போவும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.