இரண்டு பெயரில் ஒரே குளிசை

பக்கத்துப் பேக்கரியில் பாண் வெந்து வரும் வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கல்முனையில் நான் டிஸ்பென்சரி திறந்த புதிதில், என் அறையின் ஸ்பிரிட் வாசனையை அது அப்படியே விழுங்கிவிடும். பாண் வாங்க வந்த கூட்டத்தில் பாதி எனக்கு வந்திருந்தால் போதும்... வரவில்லையே!

காரணம் எனக்குத் தெரியும். நான் மருந்து குறைவாக எழுதுகிற டொக்டர். எங்கள் ஊரில் சும்மா ஒரு காய்ச்சலுக்கும் நாலு நிறத்தில் குளிசை, ஒரு பாணி மருந்து, முடிந்தால் ஒரு ஊசி... அப்போதுதான் டொக்டர் "நல்லாப் பாத்தவர்". மருந்து விலை தாறுமாறாக ஏறிய அந்த நாட்களிலும் இந்த ஆசை மட்டும் இறங்கவில்லை.

அப்போதுதான் சலீம் காக்கா வந்தார். மட்டக்களப்பு பஸ் ஓட்டுபவர். எழும்பினால் தலை சுற்றுகிறது என்று பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் கிடந்தார். பிரஷரைப் பார்த்தேன், அளவுக்கு மீறி இறங்கியிருந்தது.

"பிரஷருக்கு என்ன போடுறீங்க காக்கா?"

ஊர் பார்மசியில் வழக்கமாக வாங்கும் ஒரு குளிசை அட்டையைக் காட்டினார். வேறு ஒன்றும் இல்லையாம்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கதீஜா ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்களன்... கொழும்பு டொக்டர் தந்ததும் இரிக்கிதானே."

"அத எப்படி இவங்களுக்கிட்டக் காட்டுற? மரியாதையில்லயே."

இதுதான் எங்கள் ஆட்கள்! ஒரு டொக்டர் தந்த மருந்துத் துண்டை இன்னொரு டொக்டரிடம் காட்டினால் இருவருக்கும் அவமானமாம்.

ராத்தா ஹேண்ட்பேக்கைத் திறந்து மற்ற அட்டையை எடுத்து வைத்தார். கம்பனி போட்ட பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. மனுஷன் இரண்டு மடங்கு காசு கொடுத்து, இரண்டு மடங்கு மருந்தை விழுங்கி, ஸ்டியரிங்கையும் இழந்து நிற்கிறார்... எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

இரண்டையும் நிறுத்தினேன். அதே மருந்தை அதன் சொந்தப் பெயரில், மலிவாகக் கிடைப்பதை, குறைந்த அளவில் எழுதினேன். தலைச்சுற்று நிற்கும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்றும் சொன்னேன்.

காக்காவின் முகம் கறுத்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு குளிசைதானா? இதுக்கா படிச்ச நீங்க?" எழும்பிப் போயே விட்டார். வெளியே காத்திருந்த இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

ராத்தா மட்டும் துண்டை வாங்கிக்கொண்டார். "அவர உடுங்க மகள். குளிசை குடுக்கிறது என்ட கையாலதான்."

சொன்னபடியே பழைய அட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு தடவை காக்காவை இழுத்துக்கொண்டும் வந்தார். இரண்டாம் தடவை பிரஷர் சரியாக இருந்தது, தலைச்சுற்றும் இல்லை. "இனி ஓட்டலாம்" என்றேன். மனுஷன் எழும்பி விறுவிறென்று வெளியே நடந்தார்.

அடுத்த நாள் காலை, டிஸ்பென்சரிக்கு முன்னால் ஹோர்ன் காதைப் பிளந்தது. நடு ரோட்டில் பஸ்... பின்னால் த்ரீவீலர்காரர்கள் கத்துகிறார்கள். சலீம் காக்கா தலையை வெளியே நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"இந்தா, இவங்கதான் என்ட டொக்டர்! மருந்து கொஞ்சமாத்தான் தருவாங்க, ஆனாச் சரியாத் தருவாங்க! அல்ஹம்துலில்லாஹ்!"

வாசலில் நின்று சின்னப்பிள்ளை மாதிரிக் கை காட்டினேன். வென்றுவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இப்போது வருகிறவர்கள் உட்காரும் முன்பே வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டுகிறார்கள். "டொக்டர், இதுல எத நிப்பாட்டலாம்?" கேட்கும்போதெல்லாம் மனம் குளிர்ந்துவிடும். ஆனாலும்... யாரும் வராமல் கதிரைகள் வெறுமையாகக் கிடந்த அந்த நாட்களில் ஒருவரோடு அரை மணித்தியாலம் ஆறுதலாகக் கதைக்க முடிந்தது.

போன வாரம் மட்டக்களப்புக்குக் காக்காவின் பஸ்ஸில்தான் போனேன். முன் சீற்றில் ஏறியிருந்து, வழி முழுக்க நிம்மதியாக நித்திரை கொண்டேன்.