செல்லிக்குத் தீட்டு இல்லை

‘ஆதரவற்ற விதவை. நெருங்கிய உறவினர் எவரும் இல்லை. உழைத்துப் பிழைக்க இயலாதவர்.’

இண்டூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் செல்லியைப் பற்றி அரசாங்கம் கொண்டிருக்கும் கருத்து இது. அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வருவதும் இதன்பேரில்தான்.

விதவை என்பது உண்மை. மற்றபடி, அவர் குடியிருக்கும் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது அவர் கணவரின் பங்காளி ஒருவர் தலையில்தான் விழும். உழைக்க இயலாத இந்த அம்மாள் காலையில் தன் மல்பெரித் தோட்டத்தில் தழை அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு விற்பார். மதியம் அவர்களுடைய கொட்டகைகளிலேயே கூலிக்குப் புழு பார்ப்பார். சண்டை என்று வந்தால் அவர் குரல் பஸ் ஸ்டாப்பு வரை கேட்கும் என்பார்கள். அது மிகை. பள்ளிக்கூடம் வரைதான் கேட்கும்.

இருந்தாலும் ‘உறவினர் எவரும் இல்லை’ என்ற வரியில் அரசாங்கத்துக்கே தெரியாத ஓர் உண்மை இருந்தது. பக்கத்து வீடு கணவருடைய தம்பி கிருஷ்ணப்பனுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. மோட்டார் போடுவது இன்றைக்கு யார் முறை என்பதில் தொடங்கிய தகராறு வருஷக்கணக்கில் வளர்ந்து, ‘இனிமே சாவுக்கும் இல்ல, வாழ்வுக்கும் இல்ல’ என்பதில் வந்து நின்றது. சொன்னவர் செல்லி. அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணப்பன் மூக்கொழுகும் பையன். மாமியார் கூலிக்குப் போய்விடுவதால் அவனைக் குளிப்பாட்டியதும் சோறு ஊட்டியதும் அண்ணிதான். இதைச் செல்லி ஒருபோதும் மறந்ததில்லை. ஒவ்வொரு சண்டையிலும், “குண்டி கழுவி வுட்டவடா நானு!” என்று ஊருக்கே ஞாபகப்படுத்துவார்.

அந்தக் கிருஷ்ணப்பன் ஒரு காலையில் இண்டூர் டீக்கடை பெஞ்சில் கையில் கிளாசோடு உட்கார்ந்திருந்தவர், அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் இல்லை. மனைவி காவேரி, தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் மகள் கவிப்பிரியா, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை நிறையப் பட்டுப்புழு. அவர் விட்டுப்போனது இவ்வளவுதான்.

புழுக்கள் கடைசித் தோலையும் உரித்துவிட்டு, கூடு கட்டுவதற்கு முந்தைய பெரும் பசியில் இருந்தன. இந்தக் கட்டத்தில் ஒரு நாள் தழை தவறினால் கூடு தேறாது. இரண்டு நாள் தவறினால் புழுவே தேறாது. மழை இல்லாத அந்த வருஷத்தில் கிணற்றில் ஊறிய கொஞ்சநஞ்சத் தண்ணீரும் மல்பெரிக்கே போயிருந்தது. வேறு வெள்ளாமை கிடையாது. கவிப்பிரியா படிப்பாளா, பாதியில் நிற்பாளா என்பது அந்தக் கொட்டகைக்குள் தழைக்காகக் காத்துக் கிடந்தது.

புழுக் கொட்டகைக்குள் தீட்டோடு நுழையக் கூடாது, நுழைந்தால் புழுவுக்கு நோய் வரும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். இதை நம்பாதவர்களும் மீறுவதில்லை. சாவு வீட்டாருக்கும் பங்காளிகளுக்கும் காரியம் முடியும் வரை தீட்டு. ஆக, உரிமை உள்ளவர்கள் யாரும் உள்ளே போக முடியாது. வழக்கமாகக் கூலிக்கு வருகிறவர்கள் துக்கத்துக்கு வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டதால் அவர்களும் முடியாது. ஊரில் புழு வளர்க்கும் மற்றவர்களுக்கோ, சாவு வீட்டில் கால் வைத்துவிட்டுத் தங்கள் கொட்டகைக்குத் திரும்பப் பயம். ரோட்டிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

மிச்சம் ஆரோக்கியராஜ். பக்கத்துத் தக்காளித் தோட்டக்காரர். கிறிஸ்தவர் என்பதால் தீட்டுக் கணக்கில் வராதவர். தானாக முன்வந்தார். ஆனால் அன்று காலைதான் தக்காளிக்கு மருந்து அடித்திருந்தார். அந்த வாசம் பட்டாலே புழு செத்துப்போகும்.

“தலைக்குக் குளிச்சிட்டு வரட்டுங்களா?” என்றார்.

“நீ தோல உரிச்சிட்டு வந்தாலும் ஆவாது ராஜு” என்றார் பங்காளிகளில் மூத்தவரான வெங்கடாசலம்.

இரக்கப்படாதவர் ஊரில் யாரும் இல்லை. தழை போடத்தான் ஆள் இல்லை.

செல்லிக்குச் சாவுச் சேதி சொல்லப்படவில்லை. சேதி சொல்லக் கிளம்பிய முருகேஷ், “அந்த வூட்டுக்கும் சொல்றதுங்களா?” என்று கேட்டிருக்கிறார். “சாவுக்கும் இல்லேன்னு சொன்னவளாச்சே” என்று வெங்கடாசலம் தடுத்துவிட்டார். இதைவிடப் பெரிய அவமானம் அந்தத் தெருவில் கிடையாது. அடித்த மேளத்தில் செல்லி வீட்டு ஓடு அதிர்ந்தது. முறைப்படி அவருக்கு ஒன்றும் தெரியாது.

மதியத்துக்கு மேல் கொட்டகையில் ஆள் அரவம் கேட்டு வெங்கடாசலம் அதன் வாசல் வரை ஓடினார். செல்லி ஈரத் தலையை முடிந்துகொண்டு தட்டுகளில் தழை பரப்பிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா செல்லி, அறிவிருக்குதா? தீட்டோட உள்ள பூந்திருக்கற!”

“எனக்கேதுங்க மாமா தீட்டு?”

“நீ பங்காளி வூட்டுக்காரிதான?”

“பங்காளின்னா சேதி சொல்லியிருப்பீங்க. சொன்னீங்களா?”

கேட்டுக்கொண்டே செல்லி அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

“எனக்கு ஒறவே இல்லேன்னு கவர்மெண்டே எழுதி வெச்சிக்கிட்டு மாசாமாசம் பணம் போடுது. நீங்க கவர்மெண்டுக்கு மேலயா? தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

வெங்கடாசலம் பந்தலுக்கு வந்து சொன்னார். பந்தல் இரண்டானது. பேச்சு நின்றால் ரத்தம் மாறிவிடுமா என்றது ஒரு கட்சி. காதில் சேதி விழாதவருக்குத் தீட்டு எப்படி ஒட்டும் என்றது மற்றது. இறந்தவரைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கடைசியில் எல்லோரும் காவேரியைப் பார்த்தார்கள். அவர் புருஷன் தலைமாட்டில் இருந்து நிமிர்ந்தார்.

“அக்கா தழை போட்டுதா?”

“போட்டுக்கிட்டேதான் இருக்குது.”

“அப்ப அதுங்கிட்ட யாரும் எதுவும் சொல்லிடாதீங்க” என்றார் காவேரி. வருஷக்கணக்கில் வராத ‘அக்கா’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான்.

மறுநாள் பிணத்தை எடுப்பதற்கு முன்னால் வெங்கடாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. தடுத்தவர் அவர்தானே. கொட்டகைக்கு வெளியே, எட்ட நின்றார்.

“செல்லி, நான் செஞ்சது தப்பும்மா. உங்கிட்ட ஒரு சேதி...”

“வாயத் தொறக்காதீங்க மாமா!” உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். “சொல்லிட்டீங்கன்னா நான் பங்காளி ஆயிடுவன். தல முழுவிட்டு வூட்டுல குந்தணும். அப்புறம் இதுங்களுக்கு யாரு போடுவா? நீங்களா?”

“மூஞ்சியயாவது ஒருதரம் பாத்துட்டு...”

உள்ளே தட்டில் தழை விழுந்துகொண்டிருந்தது.

“யாரு மூஞ்சிய?” என்றார் செல்லி.

வெங்கடாசலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்.

புழு பழுத்துக் கூடு கட்டி முடிக்கும் வரை செல்லி அந்தக் கொட்டகையில்தான் கிடந்தார். எல்லாத் தட்டும் தேறவில்லை. ஓரத்துத் தட்டுகளில் புழு வீங்கிப் பால் கசிந்து செத்தது. தீட்டுதான் என்கிறது ஒரு கட்சி. முதல் நாள் பாதிப் பட்டினி என்கிறது இன்னொன்று. தேறிய கூடு தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போனது. கவிப்பிரியா கல்லூரிக்குத் திரும்பினாள். அடுத்த வருஷத்துக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை.

காரியம் முடிந்த கையோடு, மோட்டார் முறைக்காகச் செல்லியும் காவேரியும் கிணற்றடியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். வழக்கம்போலப் பள்ளிக்கூடம் வரை கேட்டது. செல்லி பழசையெல்லாம் எடுத்துப் பேசினார். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் வந்தது. கொட்டகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

கல்நெஞ்சுக்காரி, கொழுந்தன் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை என்று இன்றைக்கும் தெருவில் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்தக் கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. கிருஷ்ணப்பனை அந்த வழியாகத் தூக்கிப் போனபோது செல்லி வெளியே வரவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, புழுவுக்குத் தழை போட்டார்.